போர் தண்ணீரில் எத்தனை கிலோ சோடா? – நீர் அறிக்கையை எண்ணிப் படிப்போம்

தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான். டி.டி.எஸ். எவ்வளவு? ஆயிரத்துக்குள் இருந்தால் "தண்ணி நல்லா இருக்கு", தாண்டினால் "உப்புத் தண்ணி". அதோடு காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். அந்த எண்ணுக்குக் கீழே கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட் என்று ஏழெட்டு வரிகள் இருக்கும். மண் பொலபொலவென்று இருக்குமா, களராகி இறுகிப்போகுமா என்பதைச் சொல்வது அந்த வரிகள்தான். அவற்றைப் படிக்கப் பத்தாம் வகுப்பு வேதியியலில் வரும் 'மோல்' கணக்கு போதும். பயப்பட வேண்டாம், கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் சரி.

எடுத்துக்காட்டுக்கு என் தோட்டத்துத் தண்ணீரையே வைத்துக்கொள்கிறேன். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எனக்கு இரண்டரை ஏக்கர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முழு நேரமும் அங்கேதான். அதில் ஒரு பழைய திறந்த கிணறு, ஒரு போர். இரண்டையும் ஒரே நாளில் பரிசோதனைக்குக் கொடுத்தேன். இரண்டுக்கும் மின்கடத்துத் திறன் 1.3 என்றே வந்தது. கடையில் விற்கும் டி.டி.எஸ். பேனாவை விட்டுப் பார்த்தாலும் இரண்டிலும் ஒரே எண்தான். அந்தப் பேனா உப்பை எடை போடுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று அளந்து, ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. 0.5-ஆல் பெருக்கும் பேனா என் தண்ணீருக்கு 650 என்று காட்டும், 0.64-ஆல் பெருக்கும் பேனா 830 என்று காட்டும். தண்ணீர் ஒன்றேதான். "உங்க ஊர்ல எவ்ளோ, எங்க ஊர்ல எவ்ளோ" என்று பேனாவை வைத்துப் போட்டி போடுவதில் அர்த்தமில்லை.

வீட்டில் கேட்டால் போர் தண்ணீருக்குத்தான் ஓட்டு. பருப்பு சீக்கிரம் வேகிறது, சோப்பு நன்றாக நுரைக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் இரண்டும் கஷ்டம். ஆனால் ஐந்து வருடமாகப் போர் தண்ணீர் மட்டுமே பாய்ந்த மேட்டுக் கழனியில் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கிக் கலங்கி நிற்கிறது. காய்ந்தால் ஓடு கட்டுகிறது. மல்லாட்டை விழுது அந்த ஓட்டைத் துளைத்து இறங்கத் திணறுகிறது. கிணற்றுத் தண்ணீர் பாயும் கீழ்க் கழனியில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டுக்கும் ஒரே மாட்டெரு, ஒரே ஜீவாமிர்தம். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

இதோ இரண்டு அறிக்கையும், லிட்டருக்கு மில்லிகிராமில்:

போர்: கால்சியம் 40, மெக்னீசியம் 24, சோடியம் 207, பொட்டாசியம் 8, பைகார்பனேட் 488, குளோரைடு 142, சல்பேட் 53.

கிணறு: கால்சியம் 80, மெக்னீசியம் 36, சோடியம் 138, பொட்டாசியம் 4, பைகார்பனேட் 305, குளோரைடு 213, சல்பேட் 101.

கார்பனேட் இரண்டிலும் இல்லை.

எடையிலிருந்து எண்ணிக்கைக்கு

மில்லிகிராம் என்பது எடை. மண்ணுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலோ எண்ணிக்கையில் நடக்கிறது: இத்தனை சோடியம் உள்ளே வந்தது, இத்தனை கால்சியம் வெளியே போனது என்று. எடையை எண்ணிக்கையாக மாற்றும் வழிதான் மோல்.

வங்கியில் நாணய மூட்டை வரும்போது ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க முடியாது. தராசில் போட்டுவிடுவோம். தொண்ணூறுகளில் வந்த ஒரு ரூபாய் எஃகு நாணயம் 4.85 கிராம். அதே காலத்து இரண்டு ரூபாய் நிக்கல் நாணயம் 6 கிராம். 485 கிராம் ஒரு ரூபாய் நாணயம் என்றால் 100 காசு. 600 கிராம் இரண்டு ரூபாய் நாணயம் என்றாலும் 100 காசு. எடை வேறு, எண்ணிக்கை ஒன்று. வேதியியலிலும் இதே வேலைதான். 23 கிராம் சோடியத்தில் எத்தனை அணுவோ, 40 கிராம் கால்சியத்திலும் அத்தனையே, 24 கிராம் மெக்னீசியத்திலும் அத்தனையே. அந்த எண்ணிக்கைக்கு ஒரு மோல் என்று பெயர். 6.022-ஐப் பத்தின் 23-ஆம் அடுக்கால் பெருக்கினால் வருவது. 2019 மே 20 முதல் உலகம் முழுக்க இந்த எண்ணை வைத்தேதான் மோலை வரையறுக்கிறார்கள். நமக்கு அந்தப் பெரிய எண் தேவைப்படாது. டஜன் என்றால் 12 என்பது போல, மோல் என்றால் ஒரு பெரிய கட்டு, அவ்வளவுதான். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோல்.

போர் தண்ணீரில் சோடியம் 207 மில்லிகிராம். 23-ஆல் வகுத்தால் 9 மில்லிமோல். கால்சியம் 40, அதை 40-ஆல் வகுத்தால் 1 மில்லிமோல். எடையில் பார்த்தால் சோடியம் கால்சியத்தைப் போல ஐந்து மடங்குதான். எண்ணிப் பார்த்தால் ஒன்பது மடங்கு!

இதோடு முடியவில்லை. ஒரு ரூபாய் காசு 100, இரண்டு ரூபாய் காசு 100 என்றால் எண்ணிக்கை சமம், ஆனால் மதிப்பு சமமா? ஒன்று நூறு ரூபாய், மற்றது இருநூறு ரூபாய். தண்ணீரில் கரைந்த உப்பு மின்னூட்டம் பெற்ற அயனிகளாகப் பிரிந்து நிற்கிறது. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் எல்லாம் ஒரு ரூபாய்க் காசுகள். கால்சியம், மெக்னீசியம், சல்பேட், கார்பனேட் எல்லாம் இரண்டு ரூபாய்க் காசுகள். களிமண் துகள் ஒரு கால்சியத்தை விட்டால் இரண்டு சோடியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மில்லிமோலை இந்த மதிப்பால் பெருக்கிவிட வேண்டும். வருவதற்கு மில்லி சமானம் என்று பெயர். சில அறிக்கைகளில் எம்.இ.க்யூ. என்று ஏற்கெனவே போட்டே தந்துவிடுவார்கள்.

இரண்டு வேலையையும் ஒரே வகுத்தலில் முடிக்கலாம். மில்லிகிராமை இந்த எண்களால் வகுத்தால் போதும்: கால்சியம் 20, மெக்னீசியம் 12 (துல்லியமாக 12.15), சோடியம் 23, பொட்டாசியம் 39, பைகார்பனேட் 61, கார்பனேட் 30, குளோரைடு 35.5, சல்பேட் 48. இதைப் பம்புசெட் அறைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் எங்காவது எழுதி வையுங்கள்.

போர்: கால்சியம் 2, மெக்னீசியம் 2, சோடியம் 9, பொட்டாசியம் 0.2. கூட்டினால் 13.2. எதிர்ப்பக்கம் பைகார்பனேட் 8, குளோரைடு 4, சல்பேட் 1.1. கூட்டினால் 13.1.

கிணறு: கால்சியம் 4, மெக்னீசியம் 3, சோடியம் 6, பொட்டாசியம் 0.1. மொத்தம் 13.1. எதிர்ப்பக்கம் பைகார்பனேட் 5, குளோரைடு 6, சல்பேட் 2.1. மொத்தம் 13.1.

பற்றும் வரவும் பொருந்திவிட்டன, பாருங்க. தண்ணீரில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சமமாக இருந்தே ஆக வேண்டும், இது இயற்கை எழுதும் டிரையல் பேலன்ஸ். நூற்றுக்கு ஐந்து வரை வித்தியாசம் வந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் 13, மறுபக்கம் 9 என்று வந்தால் எங்கோ அளவு தவறியிருக்கிறது, அல்லது நைட்ரேட் போல ஏதோ ஒன்றை அளக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த அறிக்கையை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். மறுபடியும் சோதிக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. ஆய்வக ஊழியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எஞ்சி நிற்கும் சோடா

இப்போது முக்கியமான கழித்தல். பைகார்பனேட்டையும் கார்பனேட்டையும் கூட்டி, அதிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கழிக்க வேண்டும். எல்லாம் மில்லி சமானத்தில். இதை எஞ்சிய சோடியம் கார்பனேட், சுருக்கமாக ஆர்.எஸ்.சி. என்பார்கள். 1950-இல் ஈட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்ன கணக்கு இது.

போர்: 8 கழித்தல் 4. மீதி 4.

கிணறு: 5 கழித்தல் 7. மீதி இல்லை, மைனஸ் 2.

1.25-க்குக் கீழே இருந்தால் தாராளமாகப் பாய்ச்சலாம். 1.25 முதல் 2.5 வரை கவனமாகப் பாய்ச்ச வேண்டும். 2.5-க்கு மேல் போனால் தொடர்ந்து பாய்ச்சக் கூடாது என்பது பொதுவான எல்லை. மணற்பாங்கான மண்ணும் நல்ல மழையும் இருந்தால் கொஞ்சம் தாண்டியும் ஓட்டலாம், களிமண்ணில் முடியாது. என் போர் 4-இல் நிற்கிறது. டி.டி.எஸ். பேனாவோ இரண்டும் ஒன்று என்றது.

அறிக்கையில் எஸ்.ஏ.ஆர். என்று இன்னொரு எண் இருக்கும். சோடியத்தை, கால்சியம் மெக்னீசியம் கூட்டுத்தொகையில் பாதியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது அது. என் போருக்கு 9-ஐ 1.41-ஆல் வகுத்து 6.4. கிணற்றுக்கு 3.2. அமெரிக்காவின் ரிவர்சைடு உப்பு மண் ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட கைநூலின்படி 10-க்குக் கீழே இருந்தால் சோடிய ஆபத்து குறைவு. இதை மட்டும் பார்த்து "பயன்படுத்தலாம்" என்று எழுதித் தருகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த எண் குழாயிலிருந்து விழும் தண்ணீருக்கானது. கழனியில் தண்ணீர் காயும்போது பைகார்பனேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பாக உறைந்துவிடுகிறது. சொட்டுநீர்க் குழாய் முனையில் வெள்ளையாக அடைக்கிறதே, அதேதான். கால்சியம் போகப் போகச் சோடியம் தனியாக நின்று களிமண் துகளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து, மண்ணின் கண்துளைகளை அடைத்துவிடுகின்றன. நம் முன்னோர் உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு என்று இரண்டு பேர் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உவரில் உப்பு பூக்கும், நல்ல தண்ணீரும் வடிகாலும் இருந்தால் கழுவிவிடலாம். களரில் மண்ணின் கட்டே கெட்டுப்போகும், வெறும் தண்ணீரால் கழுவினால் இன்னும் இறுகும்.

இந்த 4 என்ற எண் சின்னதாகத் தெரிகிறதா? கிலோவில் மாற்றிப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் 1,02,800 லிட்டர். ஆப்ப சோடா என்று நாம் வாங்கும் சோடியம் பைகார்பனேட்டின் ஒரு மோல் 84 கிராம். லிட்டருக்கு 4 மில்லிமோல் என்றால் 336 மில்லிகிராம். 1,02,800-ஆல் பெருக்கினால் 34 கிலோ 540 கிராம். ஓர் ஏக்கர் அங்குலப் பாய்ச்சலுக்கு முப்பத்தி நாலரை கிலோ ஆப்ப சோடா! இரண்டிரண்டு அங்குலமாகப் பத்துத் தண்ணீர் கட்டினால் 690 கிலோ. மூட்டை மூட்டையாக யாராவது நம் கழனியில் சோடாவைக் கொட்டினால் சும்மா விடுவோமா? பருப்பு ஏன் சீக்கிரம் வெந்தது என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

மோரும் காந்தமும் ஜீவாமிர்தமும்

நம் கூட்டங்களில் "புளித்த மோரைத் தண்ணியில கலந்து விடுங்க, காரம் முறிஞ்சுடும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அமிலம் பைகார்பனேட்டை முறிக்கும் என்பது உண்மை. எவ்வளவு வேண்டும் என்பதுதான் கேள்வி. ஓர் ஏக்கர் அங்குலத்தில் எஞ்சி நிற்பது 411 மோல். மோரில் உள்ள லாக்டிக் அமிலத்தின் ஒரு மோல் 90 கிராம். ஆக 37 கிலோ அமிலம். நன்றாகப் புளித்த மோரில் நூற்றுக்கு ஒரு பங்கு அமிலம் என்று வைத்தாலும் 3,700 லிட்டர் மோர் வேண்டும், ஒரு அங்குலத் தண்ணீருக்கு. மோரை நாம் குடிப்போம்.

ஜீவாமிர்தத்துக்கும் இது பொருந்தும். ஏக்கருக்கு 200 லிட்டர் விடுவது நுண்ணுயிருக்காக. அதைத் தொடர்ந்து விடுங்கள், நானும் விடுகிறேன். ஆனால் சோடியம் ஓர் அணு. எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று இல்லாமல் ஆக்காது.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒரு நாள், "சார், தண்ணியில இருக்கிற உப்பை உடைக்கிற கருவியாம், குழாயில மாட்டினா போதுமாம். நாப்பதாயிரம். நகையை வச்சு வாங்கிடலாம்னு இருக்கேன்" என்று வந்தார். விற்பவர் கொடுத்த விளக்கத் தாளில் காந்தப்புலம், அதிர்வு என்று நிறைய இருந்தது. நகைக்கடன் சீட்டில் கையெழுத்துப் போட்டுப் போட்டுத் தேய்ந்தவன் நான், அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும். "தம்பி, குழாய்க்குள்ள போறது ஒன்பது சோடியம், வெளியே வர்றது எத்தனைன்னு அவர்கிட்ட கேளுங்க. கருவிக்கு முன்னாடி ஒரு பாட்டில், பின்னாடி ஒரு பாட்டில் பிடிச்சு டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க" என்றேன். விற்பவர் அதன் பிறகு வரவில்லை. தம்பியின் போரையும் கணக்குப் போட்டோம். பைகார்பனேட் 7, கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து 5. மீதி 2. நடுத்தரம். அதற்கு நாற்பதாயிரம் தேவையே இல்லை.

என்னதான் செய்வது

முதலில் கலப்பு. கிணற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டுப் பாய்ச்சுகிறேன். பாதிக்குப் பாதி என்றால் ஆர்.எஸ்.சி. 4-க்கும் மைனஸ் 2-க்கும் நடுவில் 1. பாதுகாப்பான எல்லைக்குள் வந்துவிட்டது. கிணறு இரண்டு பங்கு, போர் ஒரு பங்கு என்றால் பூஜ்ஜியம். செலவு எதுவும் இல்லை, குழாய் இணைப்பு மட்டும்தான். பண்ணைக் குட்டையில் பிடித்த மழைநீரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் கணக்கு மாறும். மழைநீரில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. அது எல்லாவற்றையும் சமமாக நீர்க்க வைக்கும், போரில் பாதி கலந்தால் 4 என்பது 2 ஆகும்.

கோடையில் கிணறு வற்றிவிடும், போரை மட்டும் நம்பும் காலம் வரும். அப்போது குறையும் கால்சியத்தை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ஜிப்சம். கால்சியம் 40, கந்தகம் 32, ஆக்சிஜன் 64, அதோடு ஒட்டிய நீர் 36. மொத்தம் ஒரு மோல் 172 கிராம். இரண்டு ரூபாய்க் காசு என்பதால் பாதியாக்கி 86. போரின் 4-ஐ 1-க்குக் கொண்டுவர 3 மில்லி சமானம் வேண்டும். 3-ஐ 86-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 258 மில்லிகிராம். ஏக்கர் அங்குலத்துக்கு 26.5 கிலோ சுத்தமான ஜிப்சம். கடையில் கிடைப்பது 80 சதவீதத் தூய்மை என்றால் 33 கிலோ. இருபது அங்குலத்துக்கு 660 கிலோ. உங்கள் ஊர் விலையால் பெருக்கிப் பார்த்து முடிவெடுங்கள். மல்லாட்டைக்கு 40–45 நாளில் மண் அணைக்கும்போது போடச் சொல்லும் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் காய் பிடிப்பதற்கானது. தண்ணீர்க் கணக்கில் அது ஐந்து அங்குலப் பாய்ச்சலுக்குக்கூடக் காணாது.

இயற்கை விவசாயத்தில் ஜிப்சம் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் கனிமம் அது, நம் பெரம்பலூர்ப் பக்கத்தில்கூடக் கிடைக்கிறது. ஆனால் உரத் தொழிற்சாலைக் கழிவாக வரும் பாஸ்போ ஜிப்சமும் அதே பெயரில் விற்கிறது. எது என்று கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் எடுத்தவர்கள் போடுவதற்கு முன்பே சான்றளிப்பவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது. சொட்டுநீர்க் குழாயில் ஜிப்சத்தைக் கரைத்து விடாதீர்கள், முனை அடைத்துக்கொள்ளும். ஆடியில் மண் மேல் தூவி லேசாக உழுதுவிட்டால் வரும் மழை கரைத்து இறக்கும். வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்கள் கட்டியாக வாங்கி, தொட்டியில் போட்டு, அதன் மேல் தண்ணீர் ஓடிப் போகும்படி அமைக்கலாம். எப்படிப் போட்டாலும் வெளியேறும் சோடியம் வடிந்து போக வழி வேண்டும். வடிகால் இல்லாத கழனியில் ஜிப்சம் வீண்.

இதெல்லாம் புதிதாக வரும் தண்ணீருக்கான கணக்கு. ஏற்கெனவே மண்ணில் ஏறி உட்கார்ந்திருக்கும் சோடியம் ஆரம்ப இருப்பு, அதற்கு மண் பரிசோதனை தனியாக வேண்டும். வீட்டிலேயே ஒரு முன்னோட்டம் பார்க்கலாம். கொட்டைப் பாக்களவு காய்ந்த மண்கட்டியை, கண்ணாடி டம்ளரில் மழைநீர் எடுத்து மெதுவாக விடுங்கள். கலக்கக் கூடாது. சில மணி நேரம் கழித்துக் கட்டியைச் சுற்றிப் பால் போலப் புகை படர்ந்தால் சோடியம் ஏறிவிட்டது என்று பொருள். உடைந்து விழுந்தாலும் தண்ணீர் தெளிவாக நின்றால் பெரும்பாலும் பிழைத்தோம்.

மேட்டுக் கழனியில் இந்த முறை ஜிப்சத்தோடு தக்கைப்பூண்டும் விதைத்திருக்கிறேன். களரைத் தாங்கி வளரும் பயிர் அது. பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதால் மட்கும்போது வரும் கரியமில வாயு, மண்ணில் உறைந்து கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை மீட்டுத் தரும். ஏற்கெனவே வங்கியில் கிடக்கும் நம் பணத்தைத்தான் எடுக்கிறோம். நெல் போடுகிறவர்கள் திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி வெளியிட்ட டி.ஆர்.ஒய்.1, டி.ஆர்.ஒய்.3 ரகங்களைப் பார்க்கலாம், களருக்கென்றே தேர்ந்தெடுத்தவை. தம்பியும் தக்கைப்பூண்டோடு ஆரம்பித்திருக்கிறார். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் இரண்டு பேர் மண்ணையும் சோதித்து எண்களை எழுதுகிறேன்.

மாதிரி எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு, அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில், காற்று இடைவெளி இல்லாமல் கழுத்து வரை நிரப்பி இறுக மூடுங்கள். அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், வைத்திருந்தால் பைகார்பனேட் மாறிவிடும். மே மாதம் ஒரு முறை, மழைக்குப் பிறகு டிசம்பரில் ஒரு முறை. நேர் அயனி நான்கும் எதிர் அயனி நான்கும் வேண்டும் என்று படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள். உங்கள் பம்பு எவ்வளவு இறைக்கிறது என்று தெரியாவிட்டால் 200 லிட்டர் டிரம்மை நிரப்ப எத்தனை நொடி என்று பாருங்கள். எனக்கு அறுபது நொடி, மணிக்கு 12,000 லிட்டர். ஓர் ஏக்கர் அங்குலத்துக்கு எட்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல்.